ஆன் ஆச்சு, ஆஃப் ஆச்சு... ‘போதும்’ என்று யார் சொல்வது?

செல்போனில் ஓடும் மோட்டாரும் உத்திரமேரூர் கழனிகளும்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்போது மோட்டார் கொட்டகையை எட்டிப் பார்த்தால், பழைய ஸ்டார்டருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னப் பெட்டி தொங்குகிறது. உள்ளே ஒரு சிம் கார்டு, வெளியே ஒரு குட்டி ஆன்டெனா. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி அந்த சிம் எண்ணுக்கு போன் போட்டால், கழனியில் மோட்டார் ஓடும். இன்னொரு முறை கூப்பிட்டால் நிற்கும். சில பெட்டிகள் ‘மோட்டார் ஆன் ஆகிவிட்டது’ என்று பேசும், சில குறுஞ்செய்தி அனுப்பும். ‘செல் ஸ்டார்டர்’, ‘போன் பெட்டி’, ‘ஆட்டோ’ என்று ஆளுக்கொரு பெயர் சொன்னாலும் வேலை ஒன்றுதான்.

நம் வீட்டுக்குள் இருபது வருடத்தில் எத்தனையோ சாமான் வந்துவிட்டது. 2006-க்குப் பிறகு இலவச கலர் டி.வி. வந்தது. 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. அப்புறம் ஆளுக்கொரு செல்போன். இவை நம் பொழுதை மாற்றின, சமையலை மாற்றின. இந்தச் சின்னப் பெட்டி மாற்றுவது வேறு ஒன்றை. கழனிக்கும் நமக்கும் நடுவில் இருந்த நடையையே அது எடுத்துவிடுகிறது. அதனால் என்ன வந்தது, என்ன போனது என்று ஒருமுறை நிதானமாகக் கணக்குப் பார்ப்போம்.

ராத்திரி நடையின் விலை

முதலில் அந்தப் பெட்டிக்குச் சேர வேண்டிய நன்றியைச் சொல்லிவிட வேண்டும். மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று முறை வைத்து வந்த காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து போய் மோட்டாரைப் போட வேண்டும். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் கரன்ட் போய்விடும். மறுபடி வந்தால் மறுபடி நடை. அறுபது வயதைத் தாண்டியவருக்கும், கணவரை இழந்து தனியாகப் பயிர் வைக்கும் பெண்ணுக்கும் அது எவ்வளவு பெரிய பாரம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கருவியின் பிறப்பிலேயே அந்தப் பாரம் இருக்கிறது. புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஆஸ்த்வால், ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த தன் தாத்தா வயதான காலத்தில் இரவில் எழுந்து பம்பு செட்டுக்கு நடப்பதைப் பார்த்தவர். அந்த நடையைக் குறைக்க அவர் உருவாக்கிய கருவிதான் ‘நானோ கணேஷ்’. செல்போன் வழியாக மோட்டாரை இயக்கும் கருவிகளில் இந்தியாவில் முதலில் பெயர் பெற்றவற்றில் அது ஒன்று. இன்றைக்குப் பல நிறுவனங்கள் இதே வகைப் பெட்டியை விற்கின்றன.

இரவு நடையில் தூக்கத்தைவிடப் பெரிய விஷயம் உயிர். 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். அதில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். மழைக்கால மாதங்களில்தான் சாவு அதிகம். தமிழ்நாடு அரசும் 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தகவல் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டுதான் நம் நாட்டில் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அதற்கான விஷத்தைத் தருவதில் முக்கியமானது நமக்குப் பக்கத்திலேயே, வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். இந்த நான்கில் கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. வரப்பில் நடக்கிற காலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு டார்ச் வெளிச்சம் மட்டுமே இருக்கும்.

ஆகவே, ‘அந்தக் காலத்தில் நாங்கள் நடக்கவில்லையா’ என்று இந்தப் பெட்டியைக் கேலி செய்வதில் நியாயமில்லை. ஒரு வீட்டில் ஒரே ஒரு உயிரை அது காப்பாற்றியிருந்தாலும் அதன் விலை கைக்கு வந்துவிட்டது.

ஒவ்வொரு கருவியும் ஒரு ‘போதும்’ வைத்திருந்தது

இப்போது கணக்கின் அடுத்த பக்கத்துக்கு வருவோம். நிலத்தடி நீரை மேலே கொண்டுவர நம் முன்னோர் வைத்திருந்த கருவிகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள்.

ஏற்றத்தில் ஆள் மேலே ஏறி மிதித்தார், கீழே நின்றவர் சாலைக் கவிழ்த்தார். உடம்பு களைத்தால் ஏற்றம் நின்றது. கவலையில் மாடுகள் இழுத்தன. மாடு நுரை தள்ளினால் கவலை நின்றது. அதற்குப் பின் ஆயில் இன்ஜின் வந்தது. அது களைக்காது. ஆனால் டேங்கில் டீசல் தீர்ந்தால் நிற்கும், அடுத்த கேன் வாங்கும் முன் பையைத் தொட்டுப் பார்க்க வைக்கும். பிறகு மின்மோட்டார். 1990-ல் தமிழ்நாட்டு விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமானது. அது உழவர்கள் போராடிப் பெற்ற உரிமை. பலர் உயிரையே கொடுத்திருக்கிறார்கள். அதை விட்டுக்கொடுக்க இங்கே யாரும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் பார்ப்போம். உடம்புக் களைப்பு போனது, மாட்டுக் களைப்பு போனது, டீசல் செலவும் போனது. ‘போதும்’ என்று சொல்ல மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: போட்ட மோட்டாரை நிறுத்த நாம் கழனிக்குப் போயாக வேண்டும். போனால் வாய்க்காலையும் மடையையும் பார்ப்போம். தண்ணீர் கடைசி வயலைத் தொட்டுவிட்டதா என்று கண்ணே சொல்லிவிடும்.

செல் ஸ்டார்டர் அந்தக் கடைசி ‘போதும்’-ஐயும் எடுத்துவிட்டது. அதிலும் ‘ஆட்டோ’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் நாம் போன்கூடச் செய்ய வேண்டாம். கரன்ட் வந்தால் மோட்டார் தானே ஓடும், கரன்ட் போனால் தானே நிற்கும். எப்போது ஓட வேண்டும் என்பதைப் பயிரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. மின்வாரியத்தின் நேரம் சொல்கிறது.

ஒரு ராத்திரியின் கணக்கு

ஒரு போர்வெல் வினாடிக்கு 5 லிட்டர் தண்ணீர் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 18,000 லிட்டர். இரவு 10 மணிக்குப் போட்ட மோட்டார் மறதியில் காலை 6 மணி வரை ஓடினால், எட்டு மணி நேரத்தில் 1,44,000 லிட்டர்.

ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட, மண் உறிஞ்சுவதைச் சேர்க்காமலே சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது ஒரு ராத்திரி மறதியில் போவது, ஒரு ஏக்கருக்கு ஒரு தடவை கட்டும் தண்ணீரில் 70 சதவிகிதம். ஏற்கெனவே தண்ணீர் நிற்கும் கழனியில் இதைக் கொட்டினால் அது வடிகாலில் போகும், அல்லது போட்ட யூரியாவைக் கரைத்துக்கொண்டு வேருக்குக் கீழே இறங்கும். யூரியா மூட்டைக்கு நாம் காசு கொடுத்திருக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

மின்சாரக் கணக்கும் உண்டு. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு நாலு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு முப்பது யூனிட்டைத் தாண்டும். பில் வராததால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வீட்டில் ஃபேன் வீணாக ஓடினால் பிள்ளைகளை அதட்டுகிற நாம், கழனியில் ஓடும் மோட்டாரைக் கேட்பதில்லை.

இதில் பெரிய நஷ்டம் தண்ணீர்தான். நம் போர்வெல்லுக்கும் பக்கத்துக் கொல்லைக்காரர் கிணற்றுக்கும் தரைக்கு மேல் வரப்பு இருக்கிறது, தரைக்குக் கீழே வரப்பு இல்லை. நாம் ஒரு ராத்திரி மறந்தால் அவர் கிணறு ஒரு படி இறங்கும். அவர் ஆட்டோ போட்டால் நம் மோட்டார் காற்று வாங்கும். நவரைப் பட்டம் முடியும் சித்திரை வெயிலில், ‘போன வருஷம் இவ்வளவு ஆழத்தில் கிடைத்த தண்ணீர் எங்கே போனது’ என்று கேட்கும்போது, பதிலில் ஒரு பங்கு இந்த மறந்துபோன ராத்திரிகளுக்கும் உண்டு.

நடையில் கிடைத்த மற்ற விஷயங்கள்

மோட்டார் போடப் போகிறவர் மோட்டார் மட்டுமா போட்டார்? வரப்பில் புதிதாக எலி வளை விழுந்திருந்தால் காலாலேயே மண்ணைத் தள்ளி மிதித்தார். நண்டு குடைந்த ஓட்டையில் தண்ணீர் கசிவதைப் பார்த்தார். ஒரு மூலையில் பயிர் மஞ்சளாக நின்றால் கண்ணில் பட்டது. தூர்க்கட்டில் கை வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். வேர்க்கடலைக் கொல்லையில் இலையைப் புரட்டிப் பார்த்தார். வழியில் பக்கத்து நிலத்துக்காரரைச் சந்தித்து, ‘இன்றைக்கு நீ பாய்ச்சு, நாளைக்கு நான் எடுத்துக்கறேன்’ என்று பேசிக்கொண்டார். புகையானோ இலைச்சுருட்டுப் புழுவோ தலை காட்டும் முதல் நாளே தெரிந்தால் செலவு குறைவு. பத்து நாள் கழித்துத் தெரிந்தால் கடனாகிவிடும்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். ஸ்மார்ட்போன் அவர்களிடம் இருக்கிறது, அதனால் பெட்டியில் பதிவான எண்ணும் அவர்களுடையது. ஷிஃப்ட்டில் நிற்கும் மகன் அங்கிருந்து மோட்டாரைப் போடுகிறான். கழனியில் களை எடுத்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு அது எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று தெரியாது. நிறுத்தச் சொல்ல மகனுக்கு போன் போட்டால், வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். பயிரைப் பார்க்கிறவர் ஒருவர், பொத்தானை அமுக்குகிறவர் வேறொருவர் என்று ஆகிவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் மிகச் சுலபம். பெரும்பாலான பெட்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைப் பதிவு செய்யலாம். யார் கழனியில் காலை வைக்கிறாரோ அவருடைய எண்தான் முதல் எண்ணாக இருக்க வேண்டும். அது சாதாரண பட்டன் போனாக இருந்தால் போதும். வீட்டுப் பெண்கள் பயிரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களில் அவர்கள் எண்ணைப் பதியாமல் விடுவது, சாவியை வேறு ஊரில் வைத்துவிட்டுப் பூட்டைக் கையில் கொடுப்பது மாதிரி.

ஆறு பேர் பார்த்த ஏரி

தண்ணீருக்கு ‘போதும்’ சொல்வது நம் ஊருக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். குடவோலை என்றவுடன் எல்லோரும் தேர்தலைப் பற்றித்தான் பேசுவார்கள். தேர்ந்தெடுத்தவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்பது உழவருக்கு அதைவிட முக்கியம். முப்பது குடும்புகளிலிருந்து முப்பது பேர் வந்தார்கள். அவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது.

அந்தச் சபையில் எல்லோருக்கும் இடமிருந்தது என்று சொல்ல முடியாது. நிலமும் கல்வியும் உள்ள, சதுர்வேதிமங்கலத்து ஆண்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. உழுதவருக்கும் பெண்ணுக்கும் ஓலையில் பெயர் இல்லை. ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. தண்ணீருக்கு என்று தனியாக ஆள் வேண்டும், அந்த ஆள் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஆயிரம் வருடத்துக்கு முன் ஓர் ஊர் எழுதி வைத்திருக்கிறது. அதற்குப் பின் வந்த காலத்திலும் நீர்க்கட்டி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் ஒரு பெயரில், மடையைத் திறக்கவும் மூடவும் ஒருவர் இருந்தார். எந்த வயலுக்கு எவ்வளவு என்பதை அவர் கண் அளந்தது.

போர்வெல் வந்த பிறகு ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஏரி வாரியம் ஆகிவிட்டோம். ஆகிவிட்டால் அந்த வேலையையும் பார்க்க வேண்டும் அல்லவா? கணக்கும் காட்ட வேண்டும், வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும் அடுத்த பட்டத்துக்கு.

‘போதும்’ சொல்லும் ஒரு குழாய்

சிம் கார்டு இல்லாத, சார்ஜ் போட வேண்டாத ஒரு கருவி இருக்கிறது. நெல் வைப்பவர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறைக்கான நீர்மட்டக் குழாய்தான் அது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரவலாக்கிய முறை இது.

ஓரடி நீளம், அதாவது 30 சென்டிமீட்டர் பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று போதும். நாலு அங்குலத்திலிருந்து ஆறு அங்குலம் வரை அகலம் இருக்கலாம். குழாயின் கீழ்ப் பாதியில் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் போடுங்கள். அந்தப் பாதி, அதாவது 15 சென்டிமீட்டர், மண்ணுக்குள் இருக்கும்படி கழனியில் இறக்குங்கள். மீதி 15 சென்டிமீட்டர் மேலே தெரியட்டும். குழாய்க்குள் இருக்கும் மண்ணை அடிவரை வெளியே எடுத்துவிடுங்கள். வரப்புக்குப் பக்கத்தில், ஆனால் மேடும் பள்ளமும் இல்லாத இடமாகப் பார்த்து வைத்தால் எட்டிப் பார்ப்பது சுலபம்.

நட்ட பயிர் வேர் பிடித்துத் தெளியும் வரை, முதல் இரண்டு வாரம் வழக்கம்போலத் தண்ணீர் கட்டுங்கள். அதன் பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சிவிட்டு விட்டுவிடுங்கள். மேலே தண்ணீர் மறைந்தவுடன் பதற வேண்டாம். குழாய்க்குள் பாருங்கள். தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி 5 சென்டிமீட்டர் பாய்ச்சினால் போதும். அதுவரை வேருக்கு எட்டும் தூரத்தில் ஈரம் இருக்கிறது. பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் இந்தக் காய்ச்சல் கூடாது, தண்ணீர் நிற்க வேண்டும். இந்த முறையில் விளைச்சல் குறையாமல் பாசன நீரில் 30 சதவிகிதம் வரை மிச்சமாகும் என்பது நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அனுபவம். முதல் முறை செய்பவர்கள் முழு நிலத்தில் இறங்காமல் ஒரு வயலில் மட்டும் வைத்துப் பாருங்கள்.

இந்தக் குழாய் போனில் பேசாது. நாமே போய்ப் பார்த்தால்தான் உண்டு. அதுவே அதன் சிறப்பு. பகல் வெளிச்சத்தில், பாம்பு பயம் இல்லாத நேரத்தில் ஒரு நடை. குழாயைப் பார்க்கப் போகும்போது பயிரையும் பார்க்கிறோம். இரவு மோட்டாரைப் போடும் வேலையைப் பெட்டியிடம் கொடுப்போம். பாய்ச்சலாமா, போதுமா என்ற முடிவைக் காலையில் கழனியில் நின்று நாமே எடுப்போம். இரண்டும் சேர்ந்தால் செல் ஸ்டார்டரைவிட நல்ல துணை கிடையாது.

வாங்கும் முன் கவனிக்க...

* மூன்று முனையில் ஒன்று போனால் மோட்டாரைத் தானே நிறுத்தும் வசதி (சிங்கிள் பேஸ் பிரிவென்டர்), தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடுவதைத் தடுக்கும் வசதி (டிரை ரன்), அதிக மின்னோட்டம் வந்தால் நிறுத்தும் வசதி (ஓவர்லோடு) மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆள் பக்கத்தில் இல்லாமல் ஓடும் மோட்டாருக்கு இவை கட்டாயம்.

* ‘இத்தனை மணி நேரம் ஓடிய பின் நின்றுவிடு’ என்று நேரம் வைக்கும் வசதி இருக்கிறதா? இருந்தால் முதல் நாளே அதைப் பயன்படுத்துங்கள். பெட்டிக்கு ‘போதும்’ சொல்லக் கற்றுக்கொடுப்பது இந்த ஒரு வசதிதான். ‘ஆட்டோ’ பொத்தானை அணைத்தே வையுங்கள்.

* பெட்டி கெட்டுப்போனால் பழையபடி கையால் போடும் வசதி இருக்க வேண்டும்.

* கொட்டகை இருக்கும் இடத்தில் எந்த நிறுவனத்தின் டவர் எடுக்கிறது என்று முதலில் போனை வைத்துப் பார்த்துவிட்டு சிம் வாங்குங்கள்.

* எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்த பிறகே பெட்டியை மாட்டுங்கள்.

* பழுது பார்க்கும் ஆள் உத்திரமேரூரிலோ காஞ்சிபுரத்திலோ இருக்கிறாரா? வாரன்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் உண்டா? பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

இதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகள்

கேள்வி: பெட்டியில் போட்ட சிம் அடிக்கடி செத்துப்போகிறது. மாதா மாதம் டேட்டாவோடு ரீசார்ஜ் செய்ய வேண்டுமா?

சாதாரண அழைப்பிலும் குறுஞ்செய்தியிலும் இயங்கும் பெட்டிக்கு டேட்டா தேவையே இல்லை. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைத் தனியாகத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. இத்தகைய திட்டங்களின் செல்லுபடிக் காலத்தை 365 நாள் வரை வைத்துக்கொள்ளவும் அனுமதித்தது. கடையில் அந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பழைய பெட்டிகள் பலவும் 2ஜி-யில் இயங்குபவை. 4ஜி மட்டும் தரும் நிறுவனத்தின் சிம் அவற்றில் வேலை செய்யாது. செயலியில் இயங்கும் புதிய பெட்டி என்றால் அதற்கு டேட்டா வேண்டியிருக்கும்.

கேள்வி: டூ பேஸ் வரும் நேரத்தில் கண்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டலாமா? செல் ஸ்டார்டருடன் சேர்த்து மாட்டித் தருவதாகச் சொல்கிறார்கள்.

வேண்டாம். மூன்று முனைக்காகச் செய்த மோட்டாரை இரண்டு முனையில் ஓட்டினால் சுருள் சூடாகிக் காயில் எரியும். ரீவைண்டிங் செலவு உங்களுடையது. டிரான்ஸ்பார்மரிலும் சுமை ஒரு பக்கமாக ஏறி, ஊர் முழுவதற்கும் வோல்டேஜ் கெடும். இதற்கு மின்வாரியத்தின் அனுமதியும் கிடையாது. மின்சாரக் குறைபாடு எதுவானாலும் மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகார் பதியலாம்.

கேள்வி: இந்தக் கருவிக்கு மானியம் உண்டா?

செல்போனால் மோட்டாரை இயக்கும் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. தொகையும் தகுதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், கருவியை வாங்குவதற்கு முன்பே அந்தத் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிவிட்டு பில்லோடு போனால் மானியம் கிடைக்காமல் போகலாம். 2018 முதல் இருக்கும் உழவன் செயலியிலும் மானியத் திட்டங்களைப் பார்க்கலாம்.

கேள்வி: வாங்கிய ஒரு மாதத்தில் பெட்டி பழுதாகிவிட்டது. கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டுகிறார், கம்பெனி கடையைக் கை காட்டுகிறது. என்ன செய்வது?

முதலில் பில், வாரன்டி அட்டை இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, புகாரை எழுத்தில் கொடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

கேள்வி: கழனியில் பாம்பு கடித்துவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். அதனால், ‘ஒன்றும் இல்லை, காலையில் பார்ப்போம்’ என்று படுக்க வைப்பது உயிருக்கு ஆபத்து. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோவதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

இந்தப் பட்டத்தில் ஒரே ஒரு காரியம் செய்து பாருங்கள். கொட்டகைச் சுவரில் ஒரு காலண்டரை மாட்டி, மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு நிறுத்தியது என்று தினமும் எழுதுங்கள். சில பெட்டிகள் இந்தக் கணக்கைத் தாங்களே வைத்திருக்கும், அதைப் பார்த்து எழுதினாலும் சரி. அறுப்பு முடிந்ததும் மொத்த மணி நேரத்தைக் கூட்டி, பக்கத்து நிலத்துக்காரர் கணக்கோடு ஒப்பிடுங்கள். யார் குறைவாக ஓட்டினார், யாருக்கு எத்தனை மூட்டை கண்டது என்று திண்ணையில் பேசுங்கள். அப்படிப் பேச்சு வந்துவிட்டால், அடுத்த பட்டத்தில் ‘போதும்’ என்ற சொல் தானாகவே வரும்.